அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு

சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மயிலாடுதுறை பக்கத்து ஊர். அப்பா லுத்தரன் சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். கடைசி சில வருஷமாகக் கோயிலுக்கு அதிகம் போகவில்லை. போன மாதம் காலமானார். அம்மா பிறந்த வீடு கத்தோலிக்கம், முப்பதாம் நாள் பூசை வைக்க வேண்டும் என்கிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அண்ணன், "முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர், இரட்சிக்கப்படாதவர், இந்நேரம் வேதனையில் இருப்பார், பூசையெல்லாம் வீண்" என்கிறார். அட்வென்டிஸ்ட் சபைக்குப் போகும் சித்தப்பாவோ, "செத்தவர் தூங்குகிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார். இதற்கு நடுவில் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வற்றிவிட்டது, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை வாசலில் நிற்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வீடியோ வருகிறது. இதில் எது வேதத்தின் போதனை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் உண்மையில் கேட்பது மூன்று. அப்பா இப்போது எங்கே? அவருக்காக நான் செய்யக்கூடியது இன்னும் ஏதாவது இருக்கிறதா? நமக்கும் நாள் முடிந்துகொண்டிருக்கிறதா? நான் லுத்தரன் போதகன். இறையியல் படித்துவிட்டு, மாயூரத்திலிருந்து தரங்கம்பாடி கடற்கரை வரைக்கும் உள்ள சபைகளில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். அதனால் என் வாசிப்புக்கு லுத்தரன் சாய்வு உண்டு, அதை மனதில் வைத்தே படியுங்கள். மற்றவர்கள் பக்கத்து வாதத்தை, அவர்களே ஒத்துக்கொள்ளும் விதமாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் உறுதியானது. உங்கள் வீட்டில் சண்டை போடும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், கிறிஸ்து நியாயந்தீர்ப்பார். வேதம் அடித்துச் சொல்வது இதைத்தான். 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது. 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்து வழங்கும் விசுவாசப் பிரமாணமும் மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்பார்க்கிறோம் என்றுதான் முடிகிறது. நம் பழைய கல்லறைத் தோட்டங்களில் தலையை மேற்கிலும் காலைக் கிழக்கிலும் வைத்துப் புதைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்து வரும் நாளில் எழுந்து நின்றால் முகம் உதயத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் வைத்துக்கொண்ட வழக்கம் அது. அப்பாவையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆன்மா மேலே போய்விட்டது, கதை முடிந்தது என்பது வேதத்தின் முழு நம்பிக்கை அல்ல. இந்த உடம்புக்கும் தேவனிடத்தில் எதிர்காலம் உண்டு என்பதுதான் அது.

இந்த நம்பிக்கை பழைய ஏற்பாட்டில் மெதுவாக வெளிச்சத்துக்கு வந்தது. சங்கீதங்களில் பல இடங்களில், மரித்தவர்கள் நல்லவரோ கெட்டவரோ பாதாளத்துக்குப் போகிறார்கள், அங்கே துதி கிடையாது என்றே பாடுகிறார்கள். ஆறாம் சங்கீதத்தையும் 88-ஐயும் படித்துப் பாருங்கள். ஏசாயா 26-இலும் தானியேல் 12-இலும் வந்த பிறகுதான் தூளில் நித்திரை பண்ணுகிறவர்கள் எழுந்திருப்பார்கள் என்று தெளிவாகக் கேட்கிறது. இயேசுவின் காலத்திலும் இது தீராத விவாதம்தான். யூதரில் சதுசேயர் என்ற பிரிவினர் உயிர்த்தெழுதல் இல்லை என்றார்கள், பரிசேயர் உண்டு என்றார்கள். மாற்கு 12-இல் இயேசு சதுசேயருக்குச் சொல்லும் பதிலை நான் அடக்க ஆராதனைகளில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறேன். ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று சொல்லிக்கொள்கிறவர் மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன் என்கிறார். மரித்தவர்களின் நிலையை அவர் விவரிக்கவில்லை. தேவன் தம்முடையவர்களை விட்டுவிட மாட்டார் என்பதையே ஆதாரமாக வைக்கிறார்.

இனி விவாதத்துக்கு இடமுள்ளது. மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவில் என்ன? சித்தப்பா சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்று பிரசங்கி 9:5 சொல்கிறது. லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசுவே சொல்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுலும் அதே பேச்சைத்தான் பேசுகிறார். மனிதனுக்கு உடம்பைவிட்டுத் தனியாக வாழும் சாவில்லாத ஆன்மா உண்டு என்பது கிரேக்கத் தத்துவம், வேதம் அல்ல என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் வசனங்கள் இருக்கின்றன. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பதே அதிக நன்மை என்று பிலிப்பியருக்கு எழுதும் பவுல், நினைவற்ற உறக்கத்துக்கு ஆசைப்பட்டார் என்று எடுத்துக்கொள்வது கஷ்டம். சிலுவையில் கள்ளனிடம், இன்றைக்கு என்னோடு பரதீசில் இருப்பாய் என்கிறார் ஆண்டவர். மூலத்தில் நிறுத்தக்குறி இல்லை, 'இன்றைக்குச் சொல்கிறேன்' என்றுதான் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சித்தப்பா பதில் சொல்வார். அப்படிப் படிக்க இலக்கணம் இடம் கொடுத்தாலும், வேறெங்கும் இயேசு அந்த முறையில் பேசவில்லை. வெளிப்படுத்தல் 6-இல் பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் கூப்பிடுகின்றன. பிரசங்கியைப் பொறுத்தவரை, அவர் சூரியனுக்குக் கீழே தெரிகிறதை மட்டும் பேசுகிறவர். மேலே நடப்பதைச் சொல்ல அவர் முன்வரவே இல்லை.

லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவானும் லாசருவும் கதையை (இந்த லாசரு வேறு) அண்ணன் கட்டாயம் எடுத்துக் காட்டியிருப்பார். மரித்த பிறகும் நினைவு உண்டு என்று அந்தக் கதை எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பாதாளத்தின் வரைபடம் போடக் கூடாது. அந்தக் கதையின் கூர்முனை வாசலில் கிடந்த தரித்திரனைப் பார்க்காமல் போன பணக்காரனை நோக்கியும், உயிரோடு இருக்கும் அவன் ஐந்து சகோதரரை நோக்கியும்தான் இருக்கிறது.

இந்த இடைக்காலத்தைப் பற்றி ஒரு போப்பாண்டவரே தடுமாறியிருக்கிறார். 1331-இல் அவிஞ்ஞோனில் இருந்த இருபத்திரண்டாம் யோவான், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும் தேவனை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கம் செய்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1334-இல் மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் எதிரான தீர்மானத்தை அறிவித்தார். அதுதான் கத்தோலிக்கப் போதனையாக நிலைத்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்களிடையேயும் ஒரே குரல் இல்லை. லுத்தர் மரணத்தை உறக்கம் என்று பேசுவதை விரும்பினார். கால்வினோ, ஆத்துமா உறங்குகிறது என்றவர்களை மறுத்து இளம்வயதிலேயே ஒரு நூல் எழுதினார். அதனால் சித்தப்பாவின் கருத்தை ஏற்காவிட்டாலும், அவரைக் கள்ளப்போதகர் என்று யாரும் வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. என் நிதானிப்பு இது: மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்ற பக்கமே வசனங்களில் கனமாக இருக்கிறது. எப்படி இருக்கிறார் என்பதை வேதம் திறந்து காட்டவில்லை.

அடுத்து அண்ணன் சொன்ன வார்த்தை. உங்களை அதிகம் வதைத்தது இதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. நரகத்தைப் பற்றி வேதத்தில் வேறு யாரையும்விட அதிகமாகப் பேசியவர் இயேசுவே, அதை மறைக்கக் கூடாது. அந்தத் தண்டனை முடிவில்லாத வேதனையா, மத்தேயு 10:28 சொல்வதுபோல ஆத்துமாவும் சரீரமும் அழிந்துபோவதா, கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்களா என்று ஆதிகாலம் முதல் வாதம் உண்டு. முதலாவதே பெரும்பான்மைச் சபைகளின் போதனை. இரண்டாவதை அட்வென்டிஸ்டுகள் மட்டுமல்ல, ஜான் ஸ்டாட் போன்ற மதிப்புள்ள ஆங்கிலிக்கன் போதகரும் 1988-இல் தயக்கத்தோடு ஏற்கத்தக்கது என்றார். இதெல்லாம் நரகம் எப்படிப்பட்டது என்ற விவாதம். குறிப்பிட்ட ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்று சொல்லும் அதிகாரத்தை வேதம் உங்கள் அண்ணனுக்கும் தரவில்லை, எனக்கும் தரவில்லை. "கர்த்தர் வருமளவும் நீங்கள் யாதொன்றைக்குறித்தும் காலத்துக்குமுன்னே தீர்ப்புச்சொல்லாதிருங்கள்" என்று 1 கொரிந்தியர் 4:5 நேரடியாகத் தடுக்கிறது. வருகையை அவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறவர் இந்த வசனத்தையும் காத்துக்கொள்ள வேண்டும். மத்தேயு 25-இல் செம்மறியாடுகளும் சரி, வெள்ளாடுகளும் சரி, தீர்ப்பைக் கேட்டு ஆச்சரியப்படுகின்றன. ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று இரண்டு பக்கமும் கேட்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தத் தண்ணீரிலும் மூழ்கவில்லை. அப்பாவின் கடைசி இரவில் அவருக்கும் தேவனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மருத்துவமனை வராந்தாவில் நின்ற நம் யாருக்கும் தெரியாது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. ஜனவரியில் ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்த ஒரு கைக்குழந்தையும் அதில் போயிற்று. பெயர் எழுதி, ஞானப்பெற்றோர் கையெழுத்தும் போட்ட தாள் என் மேசைமேல் இருந்தது. "ஐயரே, புள்ள தண்ணி வாங்காம போயிடுச்சே, எங்க இருக்கும்?" என்று அதன் தாய் கேட்டாள். சிறுபிள்ளைகள் என்னிடத்தில் வர இடங்கொடுங்கள் என்றவர் கையில் இருக்கிறது என்று சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்வேன். அதே வாரம் நிவாரண முகாமுக்கு வந்த வெளியூர் ஊழியக்காரர் ஒருவர், இது கடைசிக் காலத்தின் தண்டனை, மனந்திரும்புங்கள் என்று மைக்கில் பேசினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று இயேசு லூக்கா 13-இல் சொன்னதை அவர் அறியாதவராக இருக்க மாட்டார். மனந்திரும்புங்கள் என்ற அழைப்பு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது பிழைத்தவர்களுக்கு. பிணத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல.

இந்த இடத்தில் தீர்க்கதரிசனத்துக்கு வந்துவிடுகிறேன். தீர்க்கதரிசனம் என்றால் தேதி சொல்வது என்று நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆமோஸையோ எரேமியாவையோ எடுத்துப் படித்தால், அவர்கள் பேசியதில் பெரும்பங்கு தங்கள் காலத்து ராஜாக்களையும் ஆசாரியர்களையும் வியாபாரிகளையும் பார்த்துத்தான். எதிர்காலத்தைச் சொன்னதும்கூட மனம் மாறுவார்களா என்பதற்காக. நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா கூவினான், ஜனங்கள் மனந்திரும்பினார்கள், நினிவே கவிழவில்லை. இப்படித்தான் நான் செய்வேன் என்று எரேமியா 18-இல் கர்த்தரே விளக்குகிறார். வெளிப்படுத்தல் புத்தகம் ஆசியா மைனரில் ரோம ஆட்சியின் கீழ் இருந்த ஏழு சபைகளுக்குத் தபாலாகப் போனது. இருபதாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் ஆட்சியாக வரும் ஆயிரம் வருஷத்தை இரேனேயு போன்ற ஆதிப்பிதாக்கள் இனிமேல் வரப்போகும் ஆட்சி என்று வாசித்தார்கள். அகுஸ்தீன் அதை இப்போது நடக்கும் சபையின் காலம் என்று வாசித்தார். எங்கள் லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை 1530-இல் அகுஸ்தீன் பக்கம் நின்றது. இரண்டு பக்கமும் பக்திமான்கள் உண்டு, இது இன்னும் தீராத விவாதம்.

வீடியோக்களில் வரும் அட்டவணை, அதாவது சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம், அப்புறம் வெளிப்படையான வருகை என்ற வரிசை, 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வகுத்துப் பரப்பியது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் வழியாக உலகமெங்கும் பரவி நம் ஊர் கன்வென்ஷன் மேடைக்கும் வந்து சேர்ந்தது. புதிதாக வந்தது என்பதற்காகவே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டும் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ முழுதாகப் படியுங்கள். ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று இருக்கிறது. இரகசியம் எங்கே இருக்கிறது? பவுல் அதை எழுதியது, வருகைக்கு முன்பே இறந்துபோன தங்கள் சொந்தக்காரர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்கு. இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். சகோதரி, அந்தக் கடிதம் உங்களைப் போன்றவர்களுக்கு வந்த கடிதம். அதை எடுத்து உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

தேதி குறித்தவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஜெர்மனியின் பியட்டிஸ்ட் பக்தி இயக்கத்தில்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும் உருவானார்கள். அதே இயக்கத்தைச் சேர்ந்தவர் பெங்கல். புதிய ஏற்பாட்டுக் கிரேக்க மூலத்தை ஆராய்ந்ததில் முன்னோடி. அவர் வெளிப்படுத்தலைக் கணக்கிட்டு 1836-ஐக் குறித்தார். 1836 வந்து போயிற்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-இன் 2,300 நாளை வருஷங்களாக எண்ணிக் கணித்ததன் தொடர்ச்சியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறிக்கப்பட்டது. வீடு நிலத்தை விட்டுக் காத்திருந்தவர்கள் விடிந்ததும் அழுதார்கள். அந்த ஏமாற்றத்துக்கு விளக்கம் தேடியவர்களிடமிருந்துதான் உங்கள் சித்தப்பாவின் சபை பிறந்தது. 2011 மே 21 என்று ஹரால்டு கேம்பிங் வானொலியில் சொன்னார். அதுவும் போயிற்று. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்லும்போது, பெங்கலைப் போன்ற மேதைக்கும் அதில் விலக்கு இல்லை.

ஐபிராத்து நதி விஷயம். வெளிப்படுத்தல் 16:12-இல் அந்த நதி வற்றும் என்று இருப்பது உண்மை, நதியில் தண்ணீர் வெகுவாகக் குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் மேட்டூர் திறக்க ஜூன் 12 தாண்டினால் கடைமடையில் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு, மேலே அணை கட்டினால் கீழே ஆறு மணலாகும் என்று யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. துருக்கி 1990 ஜனவரியில் அட்டாடுர்க் அணையை நிரப்ப ஒரு மாதம் ஐபிராத்தை நிறுத்தி வைத்தது. கீழே சிரியாவும் ஈராக்கும் கூக்குரலிட்டன. அதோடு மழைக்குறைவும் பாசனமும் சேர்ந்துகொண்டன. தேவன் அணைகளையும் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம், அதை நான் மறுக்கவில்லை. இந்த வற்றல்தான் அந்த வற்றல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறேன். யுத்தச் செய்திகளைப் பற்றியும் ஆண்டவர் சொன்னது, கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்பதுதான்.

கடைசியாக அம்மாவின் பூசை. மரித்தவர்களுக்காக ஜெபிப்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் ஆதாரம் இரண்டாம் மக்கபேயர் 12. அது அவர்கள் வேதாகமத்தில் உண்டு, நம்முடையதில் இல்லை. மரித்தவர்கள் பரலோகத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றும், அங்குள்ள ஆத்துமாக்களுக்குப் பூசையும் ஜெபமும் உதவும் என்றும் 1563-இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் உறுதி செய்தது. லுத்தரன் சபை உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. கிறிஸ்து செலுத்தியது போதும், மிச்சக் கடன் இல்லை என்பது எங்கள் உறுதி, நானும் அதில் நிற்கிறேன். ஆனால் நம்மவர்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். மரித்தவர்களுக்காக ஜெபிப்பதை நாங்கள் தடுக்கவில்லை என்று 1531-இல் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் விளக்கவுரையே எழுதிவைத்தது. 1528-இல் லுத்தரும், வேதம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாததால், இந்த ஆத்துமாவுக்கு இரக்கம் கிடைக்கக்கூடுமானால் இரங்கும் என்று தேவனிடம் கேட்பது பாவமில்லை, ஒருதரம் இருதரம் கேட்டுவிட்டு அவரிடம் விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் எழுதினார். மரித்தவர்களிடம் பேசுவதும், அவர்களிடமிருந்து பதில் வரவழைப்பதாகச் சொல்கிறவர்களைத் தேடிப்போவதும் வேறு. சவுல் ராஜா எந்தோரில் அஞ்சனக்காரியைத் தேடிப்போய்ச் செய்தது அது, வேதம் அதை விலக்கியிருக்கிறது.

ஆகவே பூசைக்கு அம்மாவோடு போய் உட்காருங்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, அம்மாவோடு அதைப் பற்றி வாதாடவும் வேண்டாம். நற்கருணை வாங்கும் விஷயத்தில் மட்டும் இரண்டு சபைகளின் ஒழுங்கையும் மதித்து நடந்துகொள்ளுங்கள், பங்குச் சாமியாரிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டால் சங்கடம் வராது. வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அம்மா மெழுகுவர்த்தியும் செவ்வந்தி மாலையும் வாங்கிக்கொண்டு அப்பாவின் கல்லறைக்குப் போவார், கூடப் போங்கள். அண்ணனையும் சித்தப்பாவையும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு அழையுங்கள். போனை ஒதுக்கி வைத்துவிட்டு 1 கொரிந்தியர் 15-ஐ முதலிலிருந்து கடைசி வசனம் வரை மாறிமாறிச் சத்தமாகப் படியுங்கள். அது ஐம்பத்தெட்டு வசனம்தான். நடுவில் யாராவது விளக்கம் சொல்லத் தொடங்கினால், முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகும் கேள்வி இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.